பெட்டகத்துத் துணியில் தைக்கும்போது வரும் கோளாறுகள்: எது தெரிந்தால் எங்கே பார்ப்பது

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை எனக்கு ஒரே மாதிரியான போன் வரும். கல்யாணத்துக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ ஊருக்கு வந்தவர்கள், பூட்டிக் கிடந்த வீட்டின் உள்ளறையைத் திறந்திருப்பார்கள். தேக்குப் பெட்டகத்திலோ இரும்பு டிரங்குப் பெட்டியிலோ அப்பத்தா காலத்துத் தலையணை உறைகள், குரோஷா ஓரம் வைத்த மேசை விரிப்பு, நாலைந்து கண்டாங்கிச் சேலை, பந்திக்கு விரித்த ஜமுக்காளம் எல்லாம் மடித்தது மடித்தபடி இருந்திருக்கும். அதைக் குஷன் உறையாகவும் திரைச்சீலையாகவும் மாற்ற ஆசைப்பட்டு, ஒரு வாரம் ஆர்வமாக வேலை பார்த்து, ஏதோ ஒன்று கெட்டுப்போன பிறகு கூப்பிடுவார்கள். அலசும்போது கிழிந்தது, மஞ்சள் போகவில்லை, தைத்த இடம் பிய்ந்தது, சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது.

காரைக்குடியில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் பெரும்பாலும் இந்த மாதிரித் துணிகளைத்தான் தைக்கிறேன். கோளாறு மெஷினில் தெரியும், ஆனால் பத்தில் எட்டு அதற்கு ரொம்ப முன்னாலேயே, பெட்டிக்குள்ளேயோ முதல் அலசலிலேயோ ஆரம்பித்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொன்றிலும் முதலில் துணி எங்கே கிடந்தது, என்ன பட்டது என்றுதான் கேட்பேன். ஊசி, நூல் எல்லாம் அப்புறம்.

ஒரு வார்த்தை முன்கூட்டியே. பெட்டியில் படைப்புக்கென்று வைத்த சேலை, வேட்டி இருந்தால் அது தைக்கிற துணி இல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். மற்றதைப் பார்ப்போம்.

அலசும்போதே, மடிப்பு வழியாகக் கிழிந்துவிட்டது

அதிகம் வருவது இதுதான், மனசை அதிகம் நோகடிப்பதும் இதுதான். கிழிசலைப் பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்கோடாக இருந்தால் அதை அலசல் கிழிக்கவில்லை. நாற்பது ஐம்பது வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பருத்தி, அந்த மடிப்பின் முதுகில் இழை இழையாக முறிந்து போயிருக்கும். கஞ்சி போட்டு விறைப்பாக மடித்து வைத்தது என்றால் இன்னும் மோசம். உலர்ந்து இருக்கும்வரை வெளியே தெரியாது. நனைத்துவிட்டு வழக்கம்போல ஒரு முனையைப் பிடித்துத் தூக்கும்போது, ஈரத்துணியின் கனம் முழுக்க அந்தக் கோட்டில் போய் விழும், அங்கேயே விட்டுப்போகும்.

போன வருஷம் பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி மூட்டை ஒன்று கொண்டுவந்தார்கள். "ஆத்தா, இதுல எதையும் வெட்டிராதே, அப்படியே குஷனுக்கு மாட்டிக் குடு" என்றார்கள். மேலே இருந்தது ஒரு தலையணை உறை. வெள்ளை மல் துணி, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு குரோஷா, மூலையில் பச்சை நூலில் ஒரு கிளி, அதன் காலடியில் வீட்டு விலாசத்தின், அதாவது குடும்பப் பெயர்ச் சுருக்கத்தின், மூன்று எழுத்து. கையில் எடுத்தால் நேற்று வாங்கியது போல இருந்தது. வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன். நடுவில் கூட்டல் குறி போல இரண்டு கோடு, அந்தக் கோட்டில் மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஒழுகியது. "இங்க பாருங்க ஆச்சி, இது ஏற்கனவே நாலு துண்டாப் பிரிஞ்சிருச்சு, இன்னும் விட்டுப்போகாம ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். "சரி, கிளிக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம பாத்துக்க."

இந்த வெளிச்சப் பரிசோதனையை நனைப்பதற்கு முன்னால் எல்லாத் துணிக்கும் செய்யுங்கள். அதோடு இன்னொன்று: இரண்டு கட்டைவிரலையும் ஒரு அங்குல இடைவெளியில் வைத்து, துணியை மெதுவாக வெளிப்பக்கம் இழுங்கள். நல்ல துணி சத்தம் போடாமல் திரும்பி வரும். காய்ந்த சருகு மாதிரி ஒரு சின்ன முறிவுச் சத்தம் கேட்டால் அந்த இடம் தையலைத் தாங்காது, ஒரு சாக்பீஸ் குறி போட்டு ஒதுக்கிவிடுங்கள். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் பாவு (நீள இழை) நன்றாக இருந்து ஊடை (குறுக்கு இழை) மட்டும் போயிருப்பது உண்டு.

அலசும்போது துணியைத் தூக்கவே கூடாது. பழைய கொசுவலைத் துண்டை அகலமான டப்பில் விரித்து, அதன் மேல் துணியைப் படுக்க வைத்து, தண்ணீரை ஓரமாக ஊற்றி நிரப்புங்கள். எடுக்கும்போது வலையின் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் கனத்தை வலை வாங்கிக்கொள்ளும். பிழியக் கூடாது, டர்க்கி டவலில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் போதும். கொடியில் போடாமல் நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள்.

ஏற்கனவே கிழிந்துவிட்டதா? கிழிந்த கோட்டை ஒட்டித் தைத்துச் சேர்க்க முயலாதீர்கள், ஊசி போகப் போகப் பக்கத்து இழையும் உதிரும். மடிப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டு வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் துண்டுகளாக நினையுங்கள். ஆச்சியின் உறையில் அப்படித்தான் நாலு துண்டு கிடைத்தது. உள்பக்கம் ஒவ்வொன்றுக்கும் புது மல் துணி கொடுத்து, இரண்டையும் கையாலேயே ஓட்டத் தையலில் சேர்த்தேன், அப்புறம் நடுவில் பழைய கண்டாங்கிக் கரையை இரண்டு அங்குலப் பட்டையாகக் கொடுத்து நாலையும் இணைத்தேன். கிளி வலது மூலையில் முழுசாக இருக்கிறது.

இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தினமும் புழங்கும் பைக்கும் மேசைப் பட்டைக்கும் மெல்லிய ரகத்தை ஒட்டலாம். பூத்தையல் போட்ட, வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கிற துணிக்கு வேண்டாம். அந்தப் பசையை அப்புறம் எடுக்க வழியில்லை, துணிக்கு வயசாக ஆகப் பசையும் பழுத்துத் தெரியும்.

ஊறவைத்தும் மஞ்சள் போகவில்லை

எந்த மஞ்சள் என்று தெரியாமல் சோப்பைப் போடாதீர்கள். நாலு வகை இருக்கிறது, ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கெடுக்கும்.

துணி முழுக்கச் சீராகவோ, மடிப்பு ஓரங்களில் மட்டுமோ வெளிர் மஞ்சளாக இருந்தால் அது வயசு. பருத்தி காற்றில் மெல்லப் பழுப்பதும், சரியாக அலசாமல் விட்ட சோப்பும் கஞ்சியும் சேர்ந்து வரும் நிறம். மரப் பெட்டகத்தின் பலகை நேராகப் பட்ட பக்கம் இன்னும் அழுத்தமாக இருக்கும், மரத்திலிருந்து வரும் அமிலம் காரணம். முதலில் வெறும் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு மறுநாள் பாருங்கள். டீ மாதிரி தண்ணீர் வரும். இரண்டு மூன்று தடவை மாற்றினாலே பாதி போய்விடும். அப்புறமும் இருந்தால், ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கிற சோடியம் பெர்கார்பனேட்டை 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி கலந்து, கரைந்த பிறகு துணியைப் போட்டு நாலைந்து மணி நேரம் விடுங்கள். வெள்ளைப் பருத்திக்கு மட்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. ப்ளீச்சிங் பவுடரையும் குளோரின் திரவத்தையும் பழைய துணி பக்கமே கொண்டுபோகாதீர்கள், வெளுத்தது போலத் தெரியும், இழை நைந்துவிடும்.

ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சின்னச் சின்னப் புள்ளி, ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா? துரு. டிரங்குப் பெட்டியின் ஆணி, குண்டூசி, அழுத்துப் பொத்தான், எதாவது பட்டிருக்கும். இதை முதலில் எடுக்க வேண்டும். இது முக்கியம்: துணியில் இரும்பு இருக்கும்போது ஆக்சிஜன் ப்ளீச்சில் போட்டால் அந்தப் புள்ளியில் மட்டும் வினை வேகமாக நடந்து, கறை இருந்த இடத்தில் ஓட்டை விழும். குளோரின் பட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் போட்டு வெயிலில் வைப்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், அது வேலை செய்யும். ஆனால் சாறு துணியிலேயே காயக் கூடாது. காயும்போது அமிலம் செறிந்து இழையைத் தின்னும். ஈரமாகவே வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை சாறு சொட்டுவிட்டு, கறை வெளிறியதும் மூன்று நாலு தண்ணீரில் அலசிவிடுங்கள்.

சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறியது, பயந்துபோய்த் தேய்த்தேன் என்று ஒரு பெண் அழாத குறையாகச் சொன்னார். அது சமையல் மஞ்சள். ஆலத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சோப்பில் இருக்கும் காரம் சுண்ணாம்பின் வேலையைச் செய்கிறது. தண்ணீரில் அலசினால் திரும்ப மஞ்சளாகிவிடும். மஞ்சளுக்கு வெயிலைத் தவிர நல்ல மருந்து இல்லை: ஈரத்தோடு காலை வெயிலில் இரண்டு மூன்று நாள் காட்டுங்கள், தானாக வெளிறும். சாப்பாட்டு மேசை விரிப்புகளில் இருக்கும் வட்ட வட்டக் கறை முக்கால்வாசி இதுதான்.

கடைசி வகை எண்ணெய். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், தலை எண்ணெய் எது பட்டிருந்தாலும் வருஷக்கணக்கில் இறுகி, தொட்டால் லேசாக மெழுகு போல இருக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தடவி ஒரு மணி நேரம் விட்டு வெந்நீரில் அலசிப் பாருங்கள். இரண்டு தடவைக்குப் போகவில்லை என்றால் விட்டுவிட்டு, அந்த இடத்தின் மேல் ஒரு பூவையோ கரைத் துண்டையோ ஒட்டுத் தையலாக வைத்துவிடுவேன். தேய்த்துத் தேய்த்து ஓட்டை போடுவதை விட அது அழகு.

மூலையில் ஒரு கருப்புக் குறி, எதற்கும் மசியவில்லை

இரண்டு புள்ளி ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி, சில சமயம் ஒரு எழுத்து. மூலையில், தலைகீழாக, நகக்கண் அளவில் இருக்கும். அது கறையே இல்லை. சலவைக்குப் போன துணி யார் வீட்டுடையது என்று தெரிவதற்காகப் போட்ட சலவைக் குறி. சேராங்கொட்டையின் பாலைத் தொட்டு வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கருத்து இறுகிவிடும், எத்தனை வெளுப்புக்கும் போகாது, போகக் கூடாது என்பதற்குத்தானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எடுக்க முயன்றால் துணிதான் போகும். நான் வெட்டும்போது அந்த மூலையை வெளியே தெரிகிற பக்கத்தில் வருகிற மாதிரி திட்டம் போடுவேன். விலாசம் தைத்த எழுத்து வீட்டைச் சொல்கிறது, சலவைக் குறி அந்தத் துணியைத் துவைத்தவரின் கையைச் சொல்கிறது. இரண்டும் ஒரே துணியில் கிடைத்தால் அதை மடிப்புக்குள் மறைத்துவிடாதீர்கள்.

வாசம் போகவில்லை

அந்துருண்டை வாசம் தண்ணீரில் கரையாது, அதனால் எத்தனை தடவை துவைத்தாலும் ஈரம் காய்ந்ததும் திரும்பி வரும். அது காற்றில்தான் போகும். வளவில், அதாவது உள்முற்றத்துப் பக்கம், வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள், அல்லது பழஞ்சேலையைப் போர்த்தி மொட்டை மாடி வெப்பத்தில் வையுங்கள். சூடு பட்டால் சீக்கிரம் ஆவியாகும். துவையலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கு அந்துருண்டை தேவையும் இல்லை, அந்துப்பூச்சி பட்டுத் துணியையும் கம்பளியையும்தான் தின்னும். பருத்தியை அரிப்பது ராமபாணப் பூச்சி, அதற்குப் பிடித்தது கஞ்சி. கஞ்சி போட்ட துணியை மடித்து உள்ளே வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை இல்லை.

பூஞ்சைக் காளான் வாசம் என்றால் வேறு. துணியில் மிளகுத் தூள் தூவின மாதிரி புள்ளி இருக்கும். வீட்டுக்குள் உதறாதீர்கள். வெளியே, மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் பிரஷால் தட்டிவிட்டு, அப்புறம் வெயில், அப்புறம் தண்ணீர். புள்ளியின் சாயல் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும்.

கண்டாங்கியின் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது

கட்டமும் பட்டையும் அகலக் கரையுமாக, அரக்கும் கடுகு மஞ்சளும் கருப்புமாக வரும் கண்டாங்கியைப் பழைய வெள்ளை உறைக்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் ஆசை வரும். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை, அதனால் பழையது கிடைக்காதவர்கள் புதுசை வாங்கி வெட்டிச் சேர்க்கிறார்கள். இறங்குவது பெரும்பாலும் அந்தப் புதுத் துண்டுதான். எத்தனையோ வெளுப்பு கண்ட பழைய சேலை விட வேண்டியதை எப்போதோ விட்டிருக்கும். ஆனால் கட்டாமலே பெட்டியில் வைத்த பழஞ்சேலையும் புதுசுதான், அதை மறக்க வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, கரையின் மேல் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக, நிறையத் தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். ஐந்தாறு தடவை ஆகலாம். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். உப்பு இருக்கும் அந்த ஒரு தண்ணீரில் சாயம் குறைவாக வெளியே வரும், உண்மை. அடுத்த முறை உப்பில்லாத தண்ணீரில் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வினிகரும் பருத்திச் சாயத்தைப் பிடித்து நிறுத்தாது.

ஏற்கனவே இறங்கிவிட்டது என்றால், தைத்த பொருள் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காயவிடாதீர்கள். பெரிய அண்டா நிறைய வெந்நீர், கொஞ்சம் தாராளமாகச் சலவைத் திரவம், துணி மிதக்கிற அளவு இடம். அதில் போட்டு மணிக்கணக்கில் விட்டு, நிறம் ஏறியதும் தண்ணீரை மாற்றி, மறுபடி. சாயம் தண்ணீரிலேயே நிற்க இடம் இருந்தால் வெள்ளையில் போய் உட்காராது. காய்ந்து இஸ்திரியும் போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த வெள்ளைத் துண்டைப் பிரித்து மாற்றுவதுதான் வழி.

மெஷின் துணியை விழுங்குகிறது, சுருக்கம் விழுகிறது

மல் துணி ஓரத்தில் தையலை ஆரம்பித்ததும் ஊசியோடு துணியும் தட்டின் ஓட்டைக்குள் இறங்கிவிடும். ஓரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு வேஸ்ட் துண்டில் நாலு தையல் போட்டு, அதை ஒட்டியே நல்ல துணியைக் கொடுங்கள். அடியில் மெல்லிய டிஷ்யூ பேப்பரை வைத்துத் தைத்து, முடிந்ததும் கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

சுருக்கத்துக்கு எல்லாரும் டென்ஷன் திருகைத்தான் முதலில் தொடுகிறார்கள். நான் ஊசியைப் பார்ப்பேன். ரவிக்கை தைத்த 14-ஆம் நம்பர் ஊசியே மாட்டியிருக்கும். மெல்லிய பழைய துணிக்கு 9 அல்லது 11, அதுவும் புது ஊசி. கண்டாங்கிக்கு 14 சரி. மழுங்கிய ஊசி இழையை விலக்காமல் குத்தி உடைக்கும். அப்புறம் தையல் நீளம். பொடித் தையல் உறுதி என்று நினைத்து நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக ஓட்டை விழுந்து, முதல் இழுப்பிலேயே அந்த வரியில் கிழியும். இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வையுங்கள். நூல் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் துணியைவிட வலு. இழுபடும்போது நூல் அறாது, துணி அறும். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம்.

ஜமுக்காளத்துக்கு இதெல்லாம் நேர் எதிர். 16 அல்லது 18 ஊசி, கைச்சக்கரத்தைக் கையால் சுற்றி முதல் சில தையல், ஓரத்தை மடித்து அடிக்கவே கூடாது. மடித்தால் அடுக்கு கூடி ஊசி ஒடியும். வெட்டுவதற்கு முன்னாலேயே வெட்டப்போகும் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு வரி தையல் போட்டுவிட்டு நடுவில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஊடை நூல் கண்ணெதிரே உருவிக்கொண்டு போகும். ஓரத்துக்குக் கண்டாங்கியில் பட்டை வெட்டிப் பைப்பிங் மாதிரி சுற்றிக் கொடுத்தால் கனமும் இல்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

குரோஷாவை வெட்ட வேண்டி வந்தாலும் இதே முறைதான்: முதலில் தையல், அப்புறம் கத்தரி. ஒரு கண்ணி விட்டால் வரிசையே பிரியும். ஓட்டை விழுந்த குரோஷாவுக்கு மெஷின் வேண்டாம். விட்டுப்போன கண்ணிகளை ஒவ்வொன்றாக நூலில் கோத்து நிறுத்திவிட்டு, அதே கனமுள்ள நூலில் கையால் இழை ஓட்டுங்கள்.

தைத்து முடித்த பிறகு வரும் கோளாறுகள்

குஷனின் பக்கத் தையல் பிய்கிறதா? உறை இறுக்கமாக இருக்கும். புதுத் துணிக்கு 16 அங்குலக் குஷனுக்கு 15½ அங்குல உறை போட்டுப் புசுபுசுவென்று காட்டுவார்கள். பழைய துணிக்கு 16½ வையுங்கள். உள் லைனிங்கைத் துல்லியமாக 16 வைத்துவிட்டால் இழுப்பை லைனிங் வாங்கிக்கொள்ளும், மேல் துணி சும்மா இருக்கும். நான் ஜிப்பைக் கூட லைனிங்கோடு சேர்த்துத்தான் அடிப்பேன்.

முதல் துவையலுக்குப் பிறகு மேல்பக்கம் தொளதொளவென்று சுருக்கம் விழுந்து நின்றால், உள்ளே கொடுத்த காடா துணியை நனைக்காமல் வெட்டியிருக்கிறீர்கள். பழைய துணி சுருங்குவதை எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. புதுசு இனிமேல்தான் சுருங்கும். பிரித்து, லைனிங்கை மாற்றுவதுதான் தீர்வு. நாடா, பைப்பிங் கயிறு இரண்டையும்கூட நனைத்து உலர்த்திவிட்டுத் தையுங்கள்.

மேசைப் பட்டையின் குரோஷா ஓரம் அலையலையாக நிற்கிறது என்றால், நனைத்து, தெர்மோகோல் அட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு முனையையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்தி அப்படியே காயவிடுங்கள். பூத்தையலை எப்போதும் தடிமனான டவலின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். நேராகப் போட்டால் தையல் நசுங்கிக் கிளியும் பூவும் தட்டையாகிவிடும்.

திரைச்சீலை பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பழைய விரிப்பைத் திரையாகக் கேட்டால் தைத்துத் தர மாட்டேன். நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்தில் அது பொடியாகிக் கொட்டும். ஜன்னல் பக்கம் தனியாக ஒரு கனத்த லைனிங், அதைத் தனிக் கம்பியில் மாட்டச் சொல்வேன். அதற்கும் மனசில்லை என்றால் அந்தத் துணியைப் பட்டாலை என்கிற கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே, நேர் வெயில் வராத வாசல்படிக்குத் தொங்கவிடலாம். மேலே வளையம் கோக்க ஓட்டை போடாமல் புதுத் துணியில் பட்டை தைத்து அதில் கம்பியை நுழையுங்கள், கனம் பட்டையில் நிற்கும்.

ஜமுக்காளத் துண்டில் தைத்த மிதியடி ஆத்தங்குடித் தரைக்கல்லில் வழுக்குகிறது என்பது வயசானவர்கள் இருக்கும் வீட்டில் விளையாட்டு இல்லை. அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் வைத்து வார்க்கிறார்கள், முகம் கண்ணாடி போலவே இருக்கும். பின்னால் ரப்பர் பூச்சு பூசாதீர்கள், அது உதிர்ந்து துணியிலும் தரையிலும் ஒட்டும். வழுக்காமல் இருக்க ஓட்டை ஓட்டையாக வரும் வலை விரிப்பைத் தனியாக அடியில் போடுங்கள், மிதியடியைவிட ஒரு அங்குலம் சின்னதாக. துவைக்கும்போது அதை எடுத்து வைத்துவிடலாம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை வெளியே எடுங்கள். கஞ்சி இல்லாமல் அலசி, நன்றாகக் காயவிட்டு, துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வைக்கலாம், பிளாஸ்டிக் பையில் வேண்டாம், ஈரம் வெளியேறாது. முடிந்தவரை மடிக்காமல் சுருட்டுங்கள். மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் போன தடவை இரண்டாக மடித்ததை இந்தத் தடவை மூன்றாக மடியுங்கள், மடிப்புக்கு உள்ளே ஒரு சுருட்டின துண்டை வையுங்கள். தைப் பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது பிரித்து, மறுபடி இடம் மாற்றி மடித்தால் போதும்.